பிழைத்த பிள்ளை நலமாக வாழ: குழந்தைப் புற்றுநோய்ச் சிகிச்சையின் பக்கவிளைவுகளைக் குறைக்கும் வழிகள்

1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், ரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்து, அவர்களில் 10 பேரிடம் நோய் சிறிது காலம் அடங்கியதை அறிவித்தார். அந்த மருந்தை உருவாக்கிக் கொடுத்த லெடர்லே ஆய்வகத்தை வழிநடத்தியவர் ஆந்திரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். குழந்தைப் புற்றுநோய்க்கு மருந்து வேலை செய்யும் என்ற நம்பிக்கை அங்கேதான் பிறந்தது. அந்த முதல் அறிக்கையிலேயே வாய்ப்புண் என்ற பக்கவிளைவும் பதிவாகியிருக்கிறது. நோயைக் கொல்லும் மருந்து குழந்தையையும் வருத்தும் என்பது இந்தத் துறை தொடங்கிய நாளிலிருந்தே தெரிந்த செய்தி.

இன்று வசதியுள்ள நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். அப்படிப் பிழைத்தவர்கள் வளர்ந்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்தத் தொடங்கிய பிறகே சிகிச்சையின் முழு விலை தெரிந்தது. 1970க்கும் 1986க்கும் இடையில் நோய் கண்டறியப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வட அமெரிக்க ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நோய் கண்ட முப்பது ஆண்டுகளுக்குள் அவர்களில் 73 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு நாட்பட்ட உடல்நலக் கேடு வந்துவிடும் என்று அந்தக் கணக்கு காட்டியது. 42 விழுக்காட்டினருக்கு அது கடுமையானதாகவோ உயிருக்கே ஆபத்தானதாகவோ இருந்தது.

பக்கவிளைவுகளைக் குறைப்பது நோய் குணமான பிறகு யோசிக்க வேண்டிய கூடுதல் வசதி அன்று. சிகிச்சையைத் திட்டமிடும் முதல் நாளே எழ வேண்டிய கேள்வி. இதற்குக் கடந்த அறுபது ஆண்டுகளில் கிடைத்துள்ள விடைகள் எவை, அவை எவ்வளவு உறுதியானவை, அவற்றில் எவை நம் மருத்துவமனைகளுக்கு உடனே உதவும் என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

இரண்டு வகைத் துன்பம்

பக்கவிளைவுகளில் ஒரு வகை சிகிச்சை நடக்கும்போதே வருவது. வாந்தி, வாய்ப்புண், முடி கொட்டுதல், ரத்த அணுக்கள் குறைதல், அதனால் வரும் தொற்றும் காய்ச்சலும். வார்டில் ஒரு தாய் இன்னொரு தாயிடம் "கவுண்ட் இறங்கிடுச்சு" என்று சொல்லும்போது அந்தச் சொல்லில் இருக்கும் அச்சம் இந்த வகையைச் சேர்ந்தது. இவற்றுள் பல சில வாரங்களில் ஆறிவிடும். ஆனால் வெள்ளணு குறைந்த நேரத்தில் வரும் ரத்தத் தொற்று சில மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடலாம்.

இன்னொரு வகை பல ஆண்டுகள் கழித்து வருவது. இதயத் தளர்ச்சி, காது கேளாமை, உயரம் நின்றுபோதல், பாடம் மனதில் நிற்காமை, குழந்தைப்பேறு இல்லாமை, சிகிச்சையாலேயே உண்டாகும் இரண்டாவது புற்றுநோய் ஆகியவை. பெரியவர்களைவிடக் குழந்தைகளை இவை ஆழமாகத் தாக்குவதற்குக் காரணம் வளர்ச்சி. நான்கு வயதுக் குழந்தையின் மூளை இன்னும் கட்டமைந்துகொண்டிருக்கிறது, எலும்பு நீண்டுகொண்டிருக்கிறது, இதயத் தசை உடலோடு சேர்ந்து பெருக வேண்டியிருக்கிறது. வேகமாகப் பிரியும் உயிரணுக்களைத் தாக்கும் மருந்தும் கதிர்வீச்சும் இந்த வளர்ச்சியையும் தடுக்கின்றன. அறுபது வயதுக்காரருக்கு முப்பதாண்டு கழித்து வரும் கேடு பெரும்பாலும் கணக்கில் வராது. ஐந்து வயதுப் பிள்ளைக்கோ அது முப்பத்தைந்து வயதில், குடும்பம் அவரை நம்பி நிற்கும் நேரத்தில் வந்து சேரும்.

தேவையில்லாததை விலக்குதல்

பக்கவிளைவைத் தவிர்க்க மிக உறுதியான வழி, அதை உண்டாக்கும் சிகிச்சையைக் கொடுக்காமலிருப்பது. எதைக் கொடுக்காமலிருக்கலாம் என்று அறிவதற்குத்தான் பல பத்தாண்டுகள் பிடித்தன.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படும் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய். 1960களில், மருந்தால் ரத்தத்தில் அடங்கிய நோய் மூளையில் ஒளிந்திருந்து திரும்பியது. மெம்ஃபிஸ் நகரின் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கெல் குழுவினர் குழந்தைகளின் தலைக்கு 24 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு கொடுத்து, முதுகுத்தண்டு வழியே மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தையும் செலுத்தினார்கள். ஏறத்தாழ பாதிக் குழந்தைகள் குணமடைந்தார்கள். அதுவரை அநேகமாக யாருமே பிழைக்காத நோய் அது. ஆனால் பிழைத்த பிள்ளைகள் பள்ளியில் பின்தங்கினார்கள், உயரம் குறைந்தார்கள். சிலருக்கு மூளையில் புதிய கட்டிகள் வந்தன.

அதன்பின் கதிர்வீச்சின் அளவு 18 கிரேயாகக் குறைந்தது. பிறகு அது ஆபத்து மிகுந்த பிள்ளைகளுக்கு மட்டும் என்றாயிற்று. 2000இல் அதே மருத்துவமனை தொடங்கிய ஆய்வில் எந்தக் குழந்தைக்கும் தடுப்புக்காகத் தலையில் கதிர்வீச்சு தரவில்லை. முதுகில் போடும் ஊசியையும் ரத்தத்தில் செலுத்தும் மருந்தையும் செம்மைப்படுத்தி அந்த இடத்தை நிரப்பினார்கள். 2009இல் வெளியான முடிவின்படி ஐந்தாண்டு கழித்து 93.5 விழுக்காட்டுக் குழந்தைகள் உயிரோடிருந்தார்கள். மக்கள் 'கரண்ட்' என்று சொல்லும் கதிர்வீச்சைத் தலைக்கு வைக்காமலேயே முன்பைவிட மேலான பலன் கிடைத்தது.

சிறுநீரகத்தில் வரும் வில்ம்ஸ் கட்டியிலும் இதே பாதைதான். அமெரிக்காவில் 1969இல் தொடங்கிய தொடர் ஆய்வுகள், தொடக்க நிலையில் பிடிபட்ட கட்டிக்கு அறுவையும் இரண்டு மருந்துகளும் போதும், கதிர்வீச்சு வேண்டாம் என்று நிறுவின. ஐரோப்பியக் குழுக்கள் நடத்திய ஆய்வு 2015இல் ஒரு படி மேலே சென்றது. நடுத்தர ஆபத்துள்ள இரண்டாம், மூன்றாம் நிலைக் கட்டிகளிலும், இதயத்தைக் கெடுக்கும் டாக்சோரூபிசினை விட்டுவிட்டாலும் உயிர் பிழைப்பவர் எண்ணிக்கை குறையவில்லை என்று காட்டியது.

ஹாட்கின் நிணநீர்ப் புற்றுநோயில் மார்புக்குக் கதிர்வீச்சு பெற்ற சிறுமிகளுக்கு இளவயதிலேயே மார்பகப் புற்றுநோய் வரும் ஆபத்து உயர்ந்தது. புரோகார்பசின் என்ற மருந்து பெற்ற சிறுவர்கள் பலர் பின்னாளில் தந்தையாக முடியவில்லை. இரண்டு சுற்று மருந்துக்குப் பின் பெட் ஸ்கேன் எடுத்து, நோய் நன்றாக அடங்கியவர்களுக்குக் கதிர்வீச்சை விட்டுவிடுவது இன்றைய ஐரோப்பிய முறை. புரோகார்பசினுக்குப் பதில் டக்கார்பசின் வந்திருக்கிறது.

சில கட்டிகளைத் தொடாமல் விடுவதே சிகிச்சை. ஜப்பானில் 1980களில் ஆறு மாதக் குழந்தைகள் அனைவருக்கும் சிறுநீர்ச் சோதனை செய்து நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்பணுக் கட்டியைத் தேடினார்கள். நிறையக் கட்டிகள் கிடைத்தன. அவற்றுள் பல தாமாகவே கரைந்துபோகக்கூடியவை என்பது பின்னர் தெரிந்தது. தேவையற்ற அறுவைக்கும் மருந்துக்கும் பிள்ளைகள் ஆளானதை உணர்ந்து, 2000களின் தொடக்கத்தில் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவில் பிறந்து ஆறு மாதத்துக்குள் அட்ரினல் சுரப்பியில் சிறு கட்டி தென்பட்ட 83 குழந்தைகளை அறுவையின்றிக் கண்காணித்தார்கள். 16 பேருக்கு மட்டுமே பின்னர் அறுவை தேவைப்பட்டது. மூன்றாண்டு கழித்து எல்லாக் குழந்தைகளும் உயிரோடிருந்தார்கள் என்று 2012இல் அறிவித்தார்கள்.

குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு

இந்த வெற்றிகளைப் படிக்கும்போது, எதையும் குறைக்கலாம் என்ற எண்ணம் எழக்கூடும். அது ஆபத்தானது. மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டிக்கு மூளை, முதுகுத்தண்டு முழுவதற்கும் 23.4 கிரே கதிர்வீச்சு தருவது வழக்கம். மூன்று முதல் ஏழு வயதுவரையுள்ள பிள்ளைகளின் அறிவுத்திறனைக் காக்கும் நோக்கில் அதை 18 கிரேயாகக் குறைத்துப் பார்த்தது வட அமெரிக்க ஆய்வு ஒன்று. ஐந்தாண்டு கழித்து, நோய் திரும்பாமல் இருந்தவர்கள் வழக்கமான அளவு பெற்ற பிரிவில் 82.9 விழுக்காடு, குறைத்த பிரிவில் 71.4 விழுக்காடு. அதே ஆய்வில், கட்டி இருந்த பகுதிக்குத் தரும் கூடுதல் கதிர்வீச்சின் பரப்பைச் சுருக்கியதால் எந்தத் தீங்கும் வரவில்லை. அளவைக் குறைப்பது தவறாகவும் பரப்பைக் குறைப்பது சரியாகவும் இருக்கும் என்பதை யாரும் முன்கூட்டி ஊகித்திருக்க முடியாது.

ரத்தப் புற்றுநோயிலும் இப்படித்தான். எலும்பு மஜ்ஜையில் பத்தாயிரம் அணுக்களில் ஒரு நோயணு இருந்தாலும் கண்டுபிடிக்கும் நுண்சோதனை உண்டு. அதில் நோயே தென்படாத பிள்ளைகளுக்குப் பிற்கட்டத் தீவிர மருந்துச் சுற்றை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்ததில் கேடில்லை என்று 2013இல் பிரிட்டன் ஆய்வு காட்டியது. ஆனால் ஜெர்மானிய, இத்தாலியக் குழுக்கள் அந்தக் கட்டத்தின் அளவையே வேறு வகையில் சுருக்கியபோது, எட்டாண்டு கழித்து நோயின்றி வாழ்ந்தவர் விழுக்காடு 92.3இலிருந்து 89.2ஆக இறங்கியது. மூன்று விழுக்காடு சிறியதாகத் தெரியலாம். நோய் திரும்பிய ஒவ்வொரு பிள்ளைக்கும் அடுத்து வருவது முன்னதைவிடக் கடுமையான சிகிச்சை.

இதனால்தான் பக்கவிளைவுக்கு அஞ்சி வீட்டிலேயே மாத்திரையைக் குறைப்பதும், 'உடம்பு சூடாகிறது' என்று சில நாள் நிறுத்துவதும் பெரும் தீங்கு. அக்கறை மட்டும் குறைக்கும் உரிமையைத் தந்துவிடாது. நூற்றுக்கணக்கான குழந்தைகளை இரு பிரிவாகப் பிரித்து, பல ஆண்டுகள் பொறுத்திருந்து பார்த்த ஆய்வுகளே அந்த உரிமையைத் தர முடியும்.

கொடுத்தே ஆக வேண்டியபோது காப்பது

சில மருந்துகளை விலக்க முடியாது. அங்கே கேள்வி, மருந்தின் பலனைக் கெடுக்காமல் உறுப்பைக் காப்பது எப்படி என்பது.

கல்லீரல் கட்டி முதலியவற்றுக்குத் தரும் சிஸ்பிளாட்டின் உள்காதின் நுண்மயிர் அணுக்களை அழிக்கிறது. முதலில் போவது உயர்ந்த சுருதி ஒலிகள். பிள்ளைக்குக் காது கேட்பதுபோலவே இருக்கும். ஆனால் மெல்லிய மெய்யொலிகள் பிரிந்து கேட்காமல், பேச்சும் படிப்பும் பின்தங்கும். சயனைடு நச்சுக்கு முறிவாக நெடுங்காலம் பயன்பட்ட சோடியம் தயோசல்ஃபேட் இதற்குக் காப்பாகியிருக்கிறது. சிஸ்பிளாட்டின் கொடுத்து ஆறு மணி நேரம் கழித்து இதைச் செலுத்தினால், பரவாத கல்லீரல் கட்டியுள்ள குழந்தைகளில் செவித்திறன் இழந்தவர்கள் 63 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாகக் குறைந்தார்கள். உயிர் பிழைப்பதில் இழப்பு தென்படவில்லை. இது 2018இல் வெளியான முடிவு. 2022இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு அனுமதி தந்தது. நோய் உடலில் பரவிய பிள்ளைகளிடம் இது சிஸ்பிளாட்டினின் வேலையையும் குறைக்குமோ என்ற ஐயம் வேறோர் ஆய்வில் எழுந்ததால், பரவாத கட்டிகளுக்கு மட்டுமே அந்த அனுமதி.

டாக்சோரூபிசின், டானோரூபிசின் வகை மருந்துகள் இதயத்தைப் பலவீனப்படுத்துகின்றன. உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு மொத்தம் 250 மில்லிகிராமைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து மிகுதி. டெக்ஸ்ராசாக்சேன் என்ற காப்பு மருந்து அதைத் தணிக்கிறது. இது இரண்டாவது புற்றுநோயைத் தூண்டுமோ என்ற அச்சத்தால் 2011இல் ஐரோப்பா குழந்தைகளுக்கு இதைத் தடுத்தது; மேலும் சான்றுகள் சேர்ந்தபின், மிகுந்த அளவு டாக்சோரூபிசின் பெறப்போகும் குழந்தைகளுக்கு 2017இல் தடை தளர்ந்தது. ரத்தப் புற்றுநோய் கண்ட பதின்வயதினருக்கு ஸ்டீராய்டால் இடுப்பு எலும்பு நசிவதைத் தடுக்க, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை இடைவெளியின்றித் தராமல் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் தந்தார்கள். இந்தச் சிறு மாற்றத்தால் எலும்பு நசிவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது.

சிறுநீர்ப்பையைக் காக்கும் மெஸ்னா, மெத்தோட்ரெக்சேட்டுக்குப் பின் தரும் லூக்கோவோரின், வாந்தியைத் தடுக்கும் ஆண்டன்செட்ரான் ஆகியவை இன்று எல்லா வார்டுகளிலும் வழக்கமாகிவிட்ட காப்புகள்.

ஒரே அளவு எல்லோருக்கும் பொருந்தாது

ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகள் இரண்டு ஆண்டுக்கு மேல் வீட்டிலேயே விழுங்கும் மாத்திரை மெர்காப்டோபியூரின். ஜெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிச்சிங்ஸும் கண்டுபிடித்த இந்த மருந்து 1953 முதல் பயன்பாட்டில் உள்ளது. இருவரும் 1988இல் நோபெல் பரிசு பெற்றார்கள். இதே மாத்திரையால் சில பிள்ளைகளுக்கு மட்டும் ரத்த அணுக்கள் அடியோடு சரிவதற்குக் காரணம் அவர்களின் மரபணு. ஐரோப்பியர்களிடம் முக்கியமாகக் காணப்படுவது டிபிஎம்டி மரபணுக் குறை. எனவே நெடுநாள் அதை மட்டுமே சோதித்தார்கள். 2015ஐ ஒட்டி வெளியான ஆய்வுகள் என்யுடிடி15 என்ற இன்னொரு மரபணுவை அடையாளம் காட்டின. அதன் குறை கிழக்காசியர்களிடமும் நம்மைப் போன்ற தெற்காசியர்களிடமும் அதிகம். இரண்டு பிரதியிலும் குறையுள்ள பிள்ளைக்கு வழக்கமான அளவில் ஒரு சிறு பகுதியே போதும். ஐரோப்பியருக்காக வகுத்த சோதனையை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் பிள்ளைகளின் ஆபத்து கண்ணில் படாமலே போய்விடும். நம் மக்களிடையே ஆய்வு நடக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

ஒருசேரத் தரும் மருந்துகளும் தம்முள் மோதும். தென் தமிழகத்தில் பயிராகும் நித்தியகல்யாணிச் செடியில் உள்ள வின்கிரிஸ்டின் நரம்பைத் தாக்கி, பாதம் தூக்க முடியாமையையும் கடும் மலச்சிக்கலையும் தரக்கூடியது. பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் இட்ராகொனசோல், வோரிகொனசோல் முதலியவை அதை உடலிலிருந்து வெளியேறவிடாமல் தடுத்து நச்சைப் பெருக்கும். ரத்தநாளம் வழியே போட வேண்டிய இதே வின்கிரிஸ்டின் தவறுதலாக முதுகுத்தண்டில் சென்றால் மரணம் கிட்டத்தட்ட உறுதி. ஊசிக்குழாயில் ஏற்றாமல் சிறு பையில் கலந்து சொட்டாகச் செலுத்தினால் அந்தத் தவறு நேராது. இதற்குப் புதிய மருந்து வேண்டாம், ஒழுங்கு போதும்.

புதிய கருவிகள்

புற்றணுவை மட்டும் குறிவைக்கும் சிகிச்சைகள் நம்பிக்கை தருகின்றன. உடலின் சொந்த வெள்ளணுவைப் புற்றணுவோடு இணைத்துவிடும் பிளினாட்டுமோமாப் அவற்றுள் ஒன்று. 'ஸ்டாண்டர்டு ரிஸ்க்' எனப்படும் ஆபத்துப் பிரிவைச் சேர்ந்த ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கு வழக்கமான கீமோவுடன் இதையும் சேர்த்தபோது, மூன்றாண்டு நோயின்றி வாழ்ந்தவர் 87.9 விழுக்காட்டிலிருந்து 96 விழுக்காடாக உயர்ந்ததை 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வில் இம்மருந்து கீமோவுக்குக் கூடுதலாகவே வந்தது. அதன் இடத்தைப் பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளுள் நோய் திரும்பும் ஆபத்து நடுத்தரமாக இருந்தவர்களிடம் சில தொற்றுகள் கூடவும் செய்தன. இதைக் கொண்டு கீமோவின் கடுமையை எவ்வளவு தணிக்கலாம் என்பதே அடுத்த கேள்வி. விலையோ நம் குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

புரோட்டான் கதிர்வீச்சு, கட்டியின் மறு விளிம்பை ஒட்டி நின்றுவிடுவதால் அதற்கு அப்பாலுள்ள மூளைக்கும் இதயத்துக்கும் சேதம் குறைகிறது. 2019இல் சென்னைத் தரமணியில் தெற்காசியாவின் முதல் புரோட்டான் மையம் தொடங்கியது. மும்பை டாடா நினைவு மையமும் நவி மும்பையில் இதை அமைத்துள்ளது. மூளைக் கட்டியுள்ள சிறு பிள்ளைகளுக்கு முன்னுரிமை தந்து, அரசுக் காப்பீட்டில் இதை உறுதிசெய்வது நியாயமான கோரிக்கை.

நம் முன்னுள்ள வரிசை

உலகில் ஆண்டுதோறும் சுமார் நான்கு லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருகிறது. ஏழை, நடுத்தர நாடுகள் பலவற்றில் முப்பது விழுக்காட்டினர்கூடப் பிழைப்பதில்லை. 2030க்குள் இதை அறுபதாக உயர்த்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் இலக்கு வைத்தது. நோயைத் தாமதமாகக் கண்டறிவதும், சிகிச்சையைப் பாதியில் கைவிடுவதும், சிகிச்சையின் நச்சால் நேரும் மரணமும் அந்த இலக்கின் எதிரிகள். செல்வ நாடுகளில் பக்கவிளைவு என்றால் முப்பதாண்டு கழித்து வரும் இதயநோய் முதலில் நினைவுக்கு வரும். இங்கே முதலில் நினைவுக்கு வர வேண்டியது மூன்றாம் வாரத்தில் வரும் காய்ச்சல்.

சென்னை அடையாறு புற்றுநோய் மையம், மும்பை டாடா மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ் மூன்றும் 1980களிலிருந்து எம்சிபி 841 என்ற ஒரே சிகிச்சைத் திட்டத்தைப் பின்பற்றி ரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகள் பிழைக்கும் விகிதத்தை உயர்த்தின. திட்டத்தின் கடுமை, மருத்துவமனை தாங்கக்கூடிய அளவில் இருக்க வேண்டும் என்பது அந்த முயற்சியின் பாடம். ரத்தம் ஏற்ற வசதியும், தொற்றைக் கையாளும் செவிலியரும், நல்ல உணவும் இல்லாத இடத்தில் மேலைநாட்டுத் தீவிரத் திட்டத்தை அப்படியே நடத்தினால், நோய்க்குத் தப்பிய குழந்தையைத் தொற்றுக்குப் பலிகொடுப்போம்.

இங்கே மலிவான செயல்களே பெரும் பலன் தரும். வெள்ளணு குறைந்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் மருத்துவமனை வாசலை மிதித்த ஒரு மணி நேரத்துக்குள் ஆண்டிபயாட்டிக் ஏற வேண்டும். ஊர்ப்புறத்திலிருந்து வரும் குடும்பத்தின் கையில், "இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் காத்திருக்க வைக்காதீர்கள், முதல் டோஸை உடனே போடுங்கள்" என்று தமிழில் எழுதிய அட்டை இருந்தால், மாவட்ட மருத்துவமனையிலேயே அது நடக்கும். மெலிந்த குழந்தைக்குத் தொற்றும் மருந்தின் நச்சும் அதிகம். ஆகவே எடை பார்ப்பதும் சத்துணவு கொடுப்பதும் மருந்துக்கு நிகரான சிகிச்சை. வாய்ச் சுத்தம், கை கழுவுதல், முதுகில் ஊசி போடும்போது மயக்க மருந்து தந்து பிள்ளையின் வலியையும் அச்சத்தையும் போக்குதல் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. வலிக்கு அஞ்சும் குழந்தையையும், அதைப் பார்த்து உடையும் பெற்றோரையும் சிகிச்சையில் தக்கவைக்க இவை அவசியம்.

சிகிச்சை முடிந்த பிறகு

டாடா நினைவு மருத்துவமனை 1991இலேயே சிகிச்சை முடித்த பிள்ளைகளுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியது. இத்தகைய தொடர் கவனிப்பு எல்லா மையங்களுக்கும் வர வேண்டும். எந்த மருந்து மொத்தம் எவ்வளவு, எந்த இடத்தில் எத்தனை கிரே கதிர்வீச்சு என்று ஒரு பக்கத்தில் எழுதிய குறிப்பு ஒவ்வொரு பிள்ளையிடமும் இருக்க வேண்டும். இருபது வயதில் மூச்சுத் திணறலோடு வரும் இளைஞரைப் பார்க்கும் மருத்துவர், டாக்சோரூபிசின் பெற்றவர் இவர் என்று அறிந்தால் உடனே எக்கோ எடுப்பார். சிஸ்பிளாட்டின் பெற்ற குழந்தைக்குப் பள்ளி சேரும் முன் செவிச் சோதனை வேண்டும். பருவமெய்திய சிறுவனுக்குச் சிகிச்சைக்கு முன்பே விந்தணு சேமிப்பு பற்றியும், சிறுமிக்குச் சூலகத் திசு சேமிப்பு பற்றியும் கூச்சமின்றிப் பெற்றோரிடம் பேச வேண்டும். 'பெண் பிள்ளைக்கு நாளைக்குக் கல்யாணம் ஆகணுமே' என்று நோயையே மறைக்கும் சமூகத்தில் இந்தப் பேச்சு கடினம். ஆனால் அதைத் தவிர்ப்பதால் இழப்பது அந்தப் பிள்ளை.

தொடர் கவனிப்பும் சிகிச்சை மாற்றமும் சேர்ந்து பலன் தருவதற்குச் சான்று இருக்கிறது. வட அமெரிக்காவில், ஐந்தாண்டு பிழைத்தவர்களில் பதினைந்தாம் ஆண்டுக்குள் இறந்தவர்கள், 1970களின் தொடக்கத்தில் சிகிச்சை பெற்றோரில் 12.4 விழுக்காடு, 1990களின் தொடக்கத்தில் பெற்றோரில் 6 விழுக்காடு. கதிர்வீச்சையும் இதயத்தைத் தாக்கும் மருந்துகளையும் அறிந்து குறைத்ததற்கும் இதில் பங்கு உண்டு.

இந்த அறுபதாண்டு அனுபவத்தைத் தொகுத்துப் பார்த்தால் நம் மருத்துவமனைகளுக்கான வேலைத்திட்டம் தெளிவாகிறது. முதலில் காய்ச்சல், தொற்று, சத்துக் குறைவு ஆகியவற்றால் நேரும் மரணங்களை நிறுத்துவது. அடுத்து, மெர்காப்டோபியூரின் தொடங்கும் முன் என்யுடிடி15 சோதனையையும், செவி, இதயச் சோதனைகளையும் வழக்கமாக்கி, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அவற்றுக்கு இடம் தருவது. அதோடு, எதை எவ்வளவு குறைக்கலாம் என்பதை நம் பிள்ளைகளிடமே ஆய்ந்தறியப் பல மருத்துவமனைகள் கைகோப்பது. ஒரு மையம் தன் வெற்றியை அறிவிக்கும்போது, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதோடு, பிழைத்தவர்களில் எத்தனை பேருக்குக் காது கேட்கிறது, எத்தனை பேர் தம் வயதுக்குரிய வகுப்பில் படிக்கிறார்கள், எத்தனை பேரின் இதயம் சீராக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் வர வேண்டும். எண்ணிப் பார்க்காத துன்பத்தை எந்த மருத்துவமும் குறைத்ததில்லை. எண்ணத் தொடங்கினால் நம் பிள்ளைகளின் துன்பத்தையும் குறைக்க முடியும்.